ரஜூலாவோடு பிறந்த கப்பல்

கப்பல் ஏறிய காலம் – 17

நாகப்பட்டினம், திருவாரூர், தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணைக் கிளறினால் ஒரு தகரப் பெட்டி அகப்படும். மூடியில் சாயம் உதிர்ந்துபோன எழுத்தில் ஒரு பெயர், அதன் கீழே பினாங்கு என்றோ கிள்ளான் என்றோ ஓர் ஊர். இந்தப் பெட்டி எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தயங்காமல் பதில் வரும்: “ரஜூலாவுல வந்தது.” ஊருக்குப் பேருந்து வந்த ஆண்டை மறந்தவர்களும் ரஜூலாவை மறக்கவில்லை. மலாயா போனவர்களுக்கு அது வெறும் கப்பலாக இருக்கவில்லை. வீட்டு ஆட்களில் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் அதைச் சொல்வார்கள்.

சென்ற இதழில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களைப் பார்த்தோம். ஆள் சேர்க்கும் கங்காணி சொன்ன சொல்லை நம்பி வந்தவர்கள் அங்கே அம்மை குத்திக்கொண்டு, சோறு தின்று, கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். இனி கப்பலில் ஏறியாக வேண்டும். ரஜூலாவின் கதைக்குள் நுழையுமுன் இன்னொரு கப்பலின் கதையைச் சொல்லிவிட விரும்புகிறேன். ரஜூலா பிறந்தபோது கூடவே பிறந்தது அது. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தடம். அதன் பெயர் ரோனா. ரஜூலாவைப் பற்றிப் பேச ஆயிரம் பாட்டிகள் இருந்தார்கள். ரோனாவின் பெயரை மட்டும் நம்மில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடலில் அது மூழ்கியபோது 1,138 உயிர்கள் போயின. அந்தச் செய்தியையும் பல ஆண்டுகள் மூடி வைத்தார்கள்.

ஒரே ஆண்டில் இரண்டு

1926ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தன் சென்னை–சிங்கப்பூர்த் தடத்துக்காக இரண்டு பெரிய நீராவிக் கப்பல்களைக் கட்டுவித்தது. ஆகஸ்டில் டைன் நதிக்கரையில், ஹாதார்ன் லெஸ்லி பட்டறையிலிருந்து ரோனா நீரில் இறங்கியது. அடுத்த மாதமே கிளாஸ்கோவில், பார்க்லே கர்ல் பட்டறையிலிருந்து ரஜூலா இறங்கியது. வயது கணக்குப் பார்த்தால் ரோனாதான் மூத்தது. இரண்டும் எட்டாயிரம் டன்னுக்கு மேல், நீளம் 460 அடியை ஒட்டி. கறுத்த புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். அதுதான் பி.ஐ. கம்பெனியின் அடையாளம். கரையில் நிற்கும் சிறுவன்கூட அந்தப் பட்டையைப் பார்த்துக் கப்பலைச் சொல்லிவிடுவான்.

மேல்தட்டில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு அறைகள் சில. அதிகாரிகள், தோட்டத் துரைகள், வசதியான வியாபாரிகள் அவற்றில் போனார்கள். அதற்குக் கீழே கப்பலின் முழு உடம்பும் டெக் பயணிகளுக்கானது. அறை கிடையாது, கட்டில் கிடையாது. விரித்த பாய்தான் ஒருவருக்குரிய இடம். பாயின் தலைமாட்டில் தகரப் பெட்டி, கால்மாட்டில் தூக்குப் பாத்திரம். பக்கத்துப் பாயில் அறியாத ஊர்க்காரர். ஏழெட்டு நாள் அந்தப் பாயிலேயே உறக்கம், உணவு, வாந்தி, அழுகை, ஊர்ப்பேச்சு எல்லாம்.

ரோனா, ரஜூலா ஒவ்வொன்றும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள உரிமம் பெற்றிருந்தன. உலகில் வேறு பயணிக் கப்பல்கள் அவ்வளவு பேரை ஏற்ற அனுமதி பெற்றது அரிது. டெக் பயணி ஒருவருக்கு எத்தனை சதுர அடி என்று சட்டம் ஒரு கணக்கு வைத்திருந்தது. பருவம் அமைதியானதா, கொந்தளிப்பானதா என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு மாறும். தளத்தின் பரப்பை அந்த அடியால் வகுத்தால் எத்தனை தலைகள் என்று தெரிந்துவிடும். டிக்கெட்டில் பெயர் இருக்கும். கப்பலைக் கட்டியவரின் வரைபடத்தில் இருந்ததோ அந்தச் சதுர அடிதான்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரோனாவின் கதை முழுவதும் இது தொடர்ந்து வரும்.

சாம்பல் வண்ணம் பூசிய நாள்

1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. பிரிட்டனுக்கு உலகமெங்கும் சிப்பாய்களை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து எகிப்துக்கு, ஈராக்குக்கு, மலாயாவுக்கு. அத்தனை பேரைச் சுமக்கப் போர்க்கப்பல்கள் போதாது. அதனால் அரசு பயணிக் கப்பல்களைக் கையகப்படுத்தியது. வசதியான கப்பல்களில் நடனக்கூடங்களையும் சாப்பாட்டு மண்டபங்களையும் பிரித்தெறிந்து, சிப்பாய்கள் படுக்க இடம் பண்ண வேண்டியிருந்தது. ரோனாவுக்கு அந்த வேலை அதிகம் இல்லை. ஆயிரக்கணக்கானோரை வெறும் தளத்தில் கிடத்துவதற்கென்றே கட்டிய கப்பல் அது. பாய் விரித்த இடத்தில் சிப்பாய்களின் தொங்கு தூளிகளைக் கட்டினார்கள். உண்ணும் மேசைகளைப் போட்டார்கள். பக்கங்களுக்குச் சாம்பல் வண்ணம் பூசி, வெள்ளைப் பட்டைகளை மறைத்தார்கள். பீரங்கியும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் ஏறின. 1940இல் ரோனா மன்னரின் படைப் போக்குவரத்துக் கப்பல் ஆனது. ரஜூலாவுக்கும் அதே விதிதான்.

கங்காணி அழைத்துவந்த தொழிலாளிக்கு வகுத்த சதுர அடி, படைவீரனுக்கும் அப்படியே பொருந்திப்போனது. ஏழையைச் சுமக்கும் கப்பலும் சிப்பாயைச் சுமக்கும் கப்பலும் ஒரே அளவுகோலில் அமைவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. இரு தரப்பாரும் தாம் தேர்ந்துகொள்ளாத ஊருக்குப் போகிறவர்கள்தான்.

ரோனா முதலில் இந்தியப் பெருங்கடலில் ஓடியது. 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ரோனாவும் ரஜூலாவும் ஆண்டுக்கணக்கில் ஓடிய தடம் அந்த நாளோடு அறுந்தது. அக்கரையில் அப்பா, இக்கரையில் அம்மா என்று பிரிந்துபோன குடும்பங்களுக்கு மூன்றரை ஆண்டுகள் ஒரு கடுதாசியும் இல்லை. இந்தக் கப்பல்களின் தளத்தில் பாய் விரித்துப் போன தமிழர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஓட்டிச் சென்றார்கள். காட்டிலும் காலராவிலும் அவர்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தன. ரோனாவின் முடிவுக்கு அப்போது நாற்பது நாள்தான் இருந்தது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால், மத்தியதரைக் கடலில்.

இந்தியாவுக்கு வரவேண்டியவர்கள்

1943 நவம்பரில் ரோனா அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் நின்றது. அதில் ஏறியவர்கள் ஏறத்தாழ 2,000 அமெரிக்கப் படைவீரர்கள். அவர்கள் போக வேண்டிய இடம் இந்தியா. சூயஸ் கால்வாய் வழியாகப் பம்பாய், அங்கிருந்து சீன–பர்மா–இந்தியப் போர்முனை. அவர்களில் பெரிய பிரிவு 853ஆம் பொறியாளர் விமானப் பட்டாலியன். துப்பாக்கியைவிட மண்வாரி எந்திரத்தோடு பழகியவர்கள் அதில் அதிகம். விமானங்கள் இறங்கவும் ஏறவும் தளம் போடுவது அவர்கள் வேலை. கூடவே தகவல் தொடர்புப் படையினர், போர்விமானக் கட்டுப்பாட்டுப் பிரிவினர், சிறு அறுவை மருத்துவமனைக் குழுவினர், செஞ்சிலுவைச் சங்கத்தினர்.

கப்பலின் தலைவர் ஆஸ்திரேலியரான கேப்டன் மர்ஃபி. அதிகாரிகள் வெள்ளையர். எஞ்சினுக்குக் கரி தள்ளியவர்கள், கயிறு இழுத்தவர்கள், சமைத்தவர்கள் இந்தியர்கள். ஆங்கிலேயர் அவர்களை லஸ்கர் என்று அழைத்தார்கள். நம் துறைமுகங்களில் கலாசி என்றும் சொல்வது உண்டு. அவர்களை மேய்த்தவர் செராங். நம்மூர்க்காரர் வாயில் அது சாரங்கு.

ஓரானிலிருந்து புறப்பட்ட நாள் நவம்பர் 25, வியாழக்கிழமை. அமெரிக்கர்களுக்கு அது நன்றி நவிலும் திருநாள், வீட்டில் எல்லோரும் கூடியிருந்து வான்கோழி விருந்து உண்ணும் நாள். பிரிட்டனிலிருந்து வந்த கே.எம்.எஃப். 26 என்ற கப்பல் அணிவகுப்பில் ரோனா சேர்ந்துகொண்டது. நிரை நிரையாகக் கப்பல்கள், சுற்றிலும் காவலுக்கு நாசகாரிகள். கொழும்பு என்று பெயரிட்ட ஒரு விமான எதிர்ப்புப் போர்க்கப்பலும் அந்தக் காவலில் இருந்தது. தென்கோடியில் கறுத்த கோடாக ஆப்பிரிக்கக் கரை.

இயக்கப்பட்ட குண்டு

மறுநாள் நவம்பர் 26. பிற்பகல் நாலரை மணி வாக்கில் அணிவகுப்பு பூஜி நகருக்கு நேர் வடக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த ஊரின் இன்றைய பெயர் பெஜாயா. பிரான்ஸின் போர்தோ நகருக்கு அருகிலிருந்து கிளம்பிய ஜெர்மன் ஹெயின்கல் 177 குண்டுவீச்சு விமானங்கள் கூட்டமாக வந்தன. நேசநாட்டுப் போர் விமானங்கள் எதிர்த்தன. கப்பல்களின் துப்பாக்கிகள் வானத்தைப் புகையால் மூடின. சில ஜெர்மன் விமானங்கள் விழுந்தன. சாதாரணத் தாக்குதல் என்றால் அணிவகுப்பு தப்பியிருக்கும்.

அந்த விமானங்கள் சுமந்து வந்தது சாதாரணக் குண்டு அல்ல. ஹென்ஷல் 293 என்று பெயர். பார்வைக்குச் சிறிய விமானம் போல இருக்கும். இறக்கையின் விரிவு மூன்று மீட்டர் சொச்சம், தலையில் ஏறத்தாழ 300 கிலோ வெடிமருந்து. வயிற்றின் கீழே ஒரு ராக்கெட். விமானம் கப்பலுக்கு நேர் மேலே வரத் தேவையில்லை. துப்பாக்கிகள் எட்டாத தொலைவில் பக்கவாட்டில் பறந்தபடியே குண்டை விடும். பத்து நொடி ராக்கெட் எரிந்து அதை முன்னே தள்ளும். குண்டின் வாலில் ஒரு மத்தாப்பு எரியும். விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே கையில் உள்ள சிறு குச்சியை அசைப்பார். வானொலி அலை அந்த அசைவைக் குண்டுக்குச் சொல்லும். கப்பல் திரும்பினால் குண்டும் திரும்பும். இன்று ஏவுகணை என்று நாம் அறிந்திருக்கும் ஆயுதத்தின் முன்னோடி அது. அதற்கு மூன்று மாதம் முன்பு, அந்த ஆகஸ்டில்தான் ஜெர்மானியர் அதை முதன்முறை பயன்படுத்தியிருந்தார்கள்.

மாலை ஐந்தே கால் வாக்கில் ஒரு விமானம் அப்படி ஒன்றை ரோனாவை நோக்கி விட்டது. பார்த்தவர்களில் பலர் அடிபட்ட விமானம் ஒன்று விழுகிறது என்றே நினைத்தார்கள். அது விழவில்லை, திரும்பியது. இடப்பக்கத்தில், நீர்மட்டத்துக்கு மேலே, எஞ்சின் அறையின் பின்பகுதியில் பாய்ந்து உள்ளே வெடித்தது. மறுபக்கத்துத் தகடுகள் வெளிப்புறமாகப் பிய்ந்துகொண்டன. எஞ்சின் நின்றது. மின்சாரம் போனது. மின்சாரம் போனதால் நீரிறைக்கும் பம்புகளும் நின்றன. தீயை அணைக்க நீரில்லை. வந்து புகும் கடலை வெளியேற்ற வழியில்லை. படைவீரர்கள் நெருக்கியடித்துக் கிடந்த கீழ்த்தளங்களில் அந்த ஒரு கணத்திலேயே பலர் மாண்டார்கள்.

கயிறும் இடுப்புப்பட்டையும்

ரோனாவில் 22 உயிர்காப்புப் படகுகள் இருந்தன. இடப்பக்கத்தில் ஆறு படகுகளைக் குண்டு சிதைத்தது. மிச்சத்தில் பல அசைய மறுத்தன. படகை நீரில் இறக்கக் கயிறும் உருளையும் உள்ள ஓர் அமைப்பு உண்டு. ஆண்டுக்கணக்கில் கடற்காற்றில் நின்று துரு ஏறி, துருவின் மேல் வண்ணம் பூசி, வண்ணத்தின் மேல் மறுபடி வண்ணம் பூசி, கப்பியும் கொக்கியும் ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தன. வீரர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கக் கயிறு மட்டும் இளகி, படகு செங்குத்தாகத் தொங்கி, உள்ளே இருந்தவர்களைக் கடலில் கொட்டியதும் உண்டு. 22 படகுகளில் எட்டுதான் நீரைத் தொட்டன. அவற்றிலும் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியதால் பல மூழ்கின.

அமைதிக் காலத்தில் இதே கப்பல் ஐயாயிரம் டெக் பயணிகளை வங்காள விரிகுடாவில் ஏற்றிச் சென்றது. அன்று ஏதும் நடக்கவில்லை. நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. ஆளுக்கு எத்தனை சதுர அடி என்று கணக்குப் போட்டவர்கள், ஆளுக்கு ஒரு படகு இடம் என்ற கணக்கை அதே அக்கறையோடு போடவில்லை.

இன்னொரு பொருளையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அமெரிக்க வீரர் ஒவ்வொருவருக்கும் ரப்பர் குழாய் வைத்த இடுப்புப்பட்டை ஒன்று தந்திருந்தார்கள். அழுத்தினால் உள்ளே இருக்கும் சிறு வாயுக் குப்பி திறந்து பட்டை உப்பிக்கொள்ளும். அதை மார்போடு, அக்குளுக்குக் கீழே ஏற்றிக் கட்டியிருக்க வேண்டும். இதை யாரும் அவர்களுக்குச் சரியாகப் பழக்கவில்லை. அரைஞாண் கட்டுவதுபோல் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு குதித்தார்கள். பட்டை உப்பியது, இடுப்பு மேலே வந்தது, தலை கீழே போனது. கனத்த சட்டையும் பூட்ஸும் நீரைக் குடித்தன. காப்பாற்றத் தந்த பட்டையே அவர்களைக் கவிழ்த்துப் போட்டது. கால்கள் மேலே தெரிய மிதந்த உடல்களைப் பார்த்ததாகப் பிழைத்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

நவம்பர் கடைசி. கடல் குளிர்ந்திருந்தது, அலை ஓங்கியிருந்தது, இருட்டிக்கொண்டு வந்தது. குண்டு விழுந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ரோனா பின்புறமாகச் சாய்ந்து மூழ்கியது. 17 ஆண்டுகள் சுமந்த கப்பல்.

606 பேரை இழுத்த கைகள்

அணிவகுப்பு நிற்கக்கூடாது என்பது போர்க்கால விதி. நின்றால் அடுத்த குண்டுக்கு இரையாகிவிடும். கப்பல்கள் முன்னே நகர்ந்தன. மீட்பதற்காகச் சிலவற்றை மட்டும் விட்டுச் சென்றார்கள். அமெரிக்காவின் பயனியர் என்ற கண்ணிவாரிக் கப்பல், ஆதர்ஸ்டோன் என்ற பிரிட்டிஷ் நாசகாரி, கிளான் கேம்பல் என்ற சரக்குக் கப்பல், ஓர் இழுவைக் கப்பல்.

பயனியர் சிறிய கப்பல். அதன் மாலுமிகள் வலைகளையும் கயிறுகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தாங்களும் வலையில் இறங்கி நின்று கைகளால் ஆட்களைப் பற்றி இழுத்தார்கள். எண்ணெய் படிந்த கைகள் வழுக்கின. நெடுநேரம் குளிரில் கிடந்ததால் விரல்களுக்குக் கயிற்றைப் பிடிக்கும் வலு இல்லை. அலை கப்பலைத் தூக்கிப் போடும்போது, பின்புறம் ஒதுங்கிய சிலர் அதன் அடியில் நசுங்கினார்கள். கப்பலை எட்டியும் ஏற முடியாமல் நழுவிப் போனவர்கள் உண்டு. நள்ளிரவு தாண்டியும் தேடினார்கள். அந்த ஓர் இரவில் பயனியர் 606 பேரை உயிரோடு கரை சேர்த்தது. உட்காரவும் இடமில்லாத அந்தச் சிறு கப்பலில் எத்தனை சதுர அடிக்கு எத்தனை பேர் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

மாண்டவர்கள் மொத்தம் 1,138. அவர்களில் 1,015 பேர் அமெரிக்கப் படையினர். எதிரியின் ஒரே தாக்குதலில் அமெரிக்கா கடலில் இழந்த தரைப்படையினரின் எண்ணிக்கையில் இதுவே பெரியது. 853ஆம் பட்டாலியன் மட்டும் 495 பேரைப் பறிகொடுத்தது. பிழைத்தவர்களில் பலர் வேறு கப்பலேறி, ஒப்புக்கொண்டபடி இந்தியாவுக்கே வந்து வேலை செய்தார்கள். இந்தத் தேசத்து மண்ணைச் சமன்படுத்த வந்த கைகளில் பாதி மத்தியதரைக் கடலின் அடியில் தங்கிவிட்டன.

மூடிய வாய்கள்

வானொலியால் திருப்பும் குண்டு ஒரு படைக்கப்பலை மூழ்கடித்தது என்று தெரிந்தால் எதிரி தன் ஆயுதத்தின் வெற்றியை அறிந்துகொள்வான். உள்நாட்டில் மக்கள் மனம் உடையும். இப்படிக் கருதி அமெரிக்க அரசு செய்தியை மூடியது. பிழைத்தவர்கள் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. வீடுகளுக்குக் காணவில்லை என்று தந்தி போனது. சில மாதம் கழித்து இறந்துவிட்டார் என்று இன்னொன்று. எங்கே, எந்தக் கப்பலில், எப்படி என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 1944 பிப்ரவரியில் ஐரோப்பியக் கடலில் ஒரு கப்பல் ஆயிரம் பேருக்கு மேல் பலிகொண்டது என்று மட்டும் அறிவித்தார்கள். ரோனா என்ற பெயர் 1945இல், ஐரோப்பாவில் போர் முடிந்தபின்தான் வெளிவந்தது. அப்போதும் இயக்கப்பட்ட குண்டு பற்றிய பேச்சு இல்லை. முழு ஆவணங்கள் 1960களின் இறுதியில்தான் திறந்தன. 1993 நவம்பரில் ஒரு வானொலி–தொலைக்காட்சி ஒலிபரப்பாளர் இதைப் பற்றிப் பேசியபின் பிழைத்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டார்கள். 1996இல் அலபாமாவில் ஒரு படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் எழுந்தது. 2000இல் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் போட்டு அவர்களை நினைவுகூர்ந்தது. 57 ஆண்டுகள் ஆயின.

தகப்பன் எப்படிச் செத்தான் என்று தெரியாமலே முதுமை எய்திய மகள்களையும், திரும்பிவிடுவான் என்று வாசல் பார்த்தபடியே கண்மூடிய தாய்மாரையும் நினைத்துப் பாருங்கள். ரகசியம் போருக்குத் தேவைப்பட்டிருக்கலாம். போர் முடிந்தபின்னும் அது எவருக்குத் தேவைப்பட்டது?

லஸ்கர்களின் கணக்கு

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1,138இல் 1,015ஐக் கழித்தால் 123. அந்த 123 பேரில் பெரும்பாலோர் கப்பலின் இந்திய ஊழியர்கள்.

பிழைத்த அமெரிக்கர்கள் சிலரின் நினைவுகளில் லஸ்கர்கள் மேல் கசப்பு உண்டு. முதல் படகுகளில் அவர்களே ஏறிக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தக் களேபரத்தில் யாரேனும் அப்படிச் செய்திருக்கலாம். நேரில் கண்டு துடித்தவர்களின் சொல்லைப் பொய் என்று தள்ள எனக்கு உரிமையில்லை. ஆனால் எண்ணிக்கை ஒன்று சொல்கிறது, அதையும் கேட்க வேண்டும். ஊழியர் 195 பேரில் 117 பேர் மாண்டார்கள். ஐந்தில் மூன்று பேர். படைவீரர்களில் மாண்டவர்கள் ஏறத்தாழப் பாதி. ஓடிப் பிழைத்ததாகச் சொல்லப்பட்ட கூட்டம், பிறரைவிட அதிக விகிதத்தில் செத்திருக்கிறது. குண்டு வெடித்தது எஞ்சின் அறையில். அங்கே கொதிகலன் முன் நின்றவர்கள் அவர்கள்தான்.

அவர்கள் எந்த நிலையில் அந்தக் கப்பலில் நின்றார்கள் என்பதும் தெரிய வேண்டும். அதே கடல், அதே ஆபத்து, ஆனால் வெள்ளை மாலுமியின் கூலியில் சிறு பங்குதான் இந்தியனுக்கு. 1939இல் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் துறைமுகங்களில் லஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியை உயர்த்து, போர்ப்படி கொடு என்று கேட்டார்கள். பலரைச் சிறையில் அடைத்தார்கள். கடைசியில் சிறிது கூட்டிக் கொடுத்தார்கள். குண்டும் நீர்மூழ்கியும் சூழ்ந்த கடலில் நான்கைந்து ஆண்டுகள் பிரிட்டனின் கப்பல்களை ஓட்டியவர்களில் இவர்கள் பெரிய கூட்டம்.

மாண்டுபோய் உடல் கிடைக்காத அமெரிக்கர்களின் பெயர்கள் துனீசியாவில், கார்த்தேஜ் கல்லறைத் தோட்டத்தின் சுவரில் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் போரில் கடலில் மாண்ட இந்திய மாலுமிகளுக்குக் கல் இல்லை, இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒரே மாதிரி இரண்டு. ஒன்று மும்பை மஸ்ஜித் பந்தரில் உள்ள மாலுமிகள் இல்லத்தில், மற்றது வங்கதேசத்தின் சிட்டகாங்கில். ராயல் இந்தியக் கடற்படையினர் 400 பேருக்கு மேல், வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேர் அதில் பதிவாகியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அந்தப் புத்தகங்களைப் பற்றி ஒரு வரி இருந்தால் போதும் என்று நான் ஏங்குவதுண்டு.

ரஜூலா திரும்பியது

போர் முடிந்தது. ரஜூலா உயிரோடு திரும்பியது. சாம்பல் வண்ணத்தைச் சுரண்டி, புகைபோக்கியில் மறுபடி இரண்டு வெள்ளைப் பட்டைகளைத் தீட்டினார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். மூன்றரை ஆண்டு கடுதாசி இல்லாமல் தவித்த குடும்பங்களை மறுபடி இணைத்தது அதுதான். 1973 வரை அதே பெயரில் ஓடியது. பிறகு இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றி, சிறிது காலத்தில் உடைக்க அனுப்பியது.

அதன் தளத்தில் பாய் விரித்துப் போன நம் தாத்தா பாட்டிகள் யாருக்கும் ரோனாவின் முடிவு தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சதுர அடியால் தங்களை எண்ணிய கப்பலை அவர்கள் பெயர் சொல்லி அழைத்தார்கள். பெட்டி எதில் வந்தது, அத்தை எதில் போனாள், தம்பி எதில் பிறந்தான் என்று கேட்டால் ரஜூலா, ரஜூலா என்றே சொன்னார்கள். அதனால்தான் இரும்பு விலைக்குப் போன கப்பல் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. ரோனாவுக்கு அப்படிச் சொல்ல ஆள் வாய்க்கவில்லை. அமெரிக்க வீடுகளில் அரசு வாயை அடைத்தது. லஸ்கர்களின் வீடுகளில் கேட்க வந்தவரே இல்லை.

அடுத்தமுறை பரணிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை இறக்கித் துடைக்கும்போது, ரஜூலாவுக்கு ஒரு மாதம் மூத்த அக்கா இருந்தாள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவள் பெயர் ரோனா என்றும் சொல்லுங்கள்.

*அடுத்த இதழில்: போருக்குப்பின் ரஜூலாவின் முதல் பயணங்கள் – பினாங்குக் கரையில் காத்திருந்தவர்கள்.*

(தொடரும்)